காப்பிக்கு நாக்கு, தேயிலைக்கு முதுகு

மஞ்சக்குட்டையில் நாங்கள் கூடியது ஒரு நாவலைப் பற்றிப் பேசுவதற்காக. கூட்டம் முடிந்ததோ தேநீரைப் பற்றிய சண்டையில். அந்தச் சண்டை மலையிறங்கிய பின்னும் தீரவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

மஞ்சக்குட்டை ஏற்காட்டு மலையில் உள்ள ஊர். சேர்வராயன் மலைத்தொடர் காப்பியின் மண். 1820களில் சேலத்துக் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்றும் சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள், அந்த மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக்கொடிகள் என்பதே இங்குள்ள காட்சி. தேயிலைத் தோட்டம் பார்க்க நீலகிரிக்கோ வால்பாறைக்கோ போகவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், மாலை அமர்வு முடிந்ததும், நண்பர் ஒருவர் பையிலிருந்து ஐந்து பொட்டலம் தேயிலையை எடுத்து வைத்தார். நீலகிரியின் குளிர்கால இலை, நீலகிரிப் பச்சைத் தேயிலை, டார்ஜீலிங்கின் முதல் கொழுந்து, இலங்கை ஊவாவின் இலை, சீனத்து ஊலாங். எல்லாம் முழு இலை. தூள் ஒன்றுகூட இல்லை.

முதல் கோப்பை ஊற்றி முடிப்பதற்குள் இன்னொரு நண்பர் வெடித்தார். "இது துரைமார் விளையாட்டு. தொழிலாளி தெருமுனையில் தூள் டீ குடிக்கிறான். நீங்கள் இங்கே இலையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இலக்கியவாதிக்கு வெட்கம் வேண்டாமா?"

நண்பரின் கோபத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்தக் கோபம் தவறான கதவைத் தட்டுகிறது என்பதே எங்கள் கட்சி.

*

தூள் டீ உழைப்பாளியின் மரபு என்கிறார் நண்பர். அந்த மரபின் வயதைச் சற்றுப் பார்ப்போம். நசுக்கி, கிழித்து, சுருட்டும் எந்திரத்தை வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் 1930களில் அஸ்ஸாமில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சி.டி.சி. என்று நாம் சொல்வது அதைத்தான். எதிரெதிராகச் சுழலும் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலை போகும். குருணையாக வெளியே வரும். சீக்கிரம் நிறம் இறங்கும், பாலுக்கு ஈடு கொடுக்கும், கொஞ்சம் தூளில் நிறையக் கோப்பை கிடைக்கும். தேயிலை வணிகர்கள் உள்நாட்டுச் சந்தையைப் பிடிக்க ஊர் ஊராகத் தேநீர் போட்டுக் காட்டிப் பிரசாரம் செய்ததும் 1930களில்தான். அதற்கு முன் இந்த மண்ணின் தேயிலை பெரும்பாலும் கப்பலேறியது. நமக்கு வாய்த்தது இலையல்ல; இலை போனபின் சல்லடைக்கடியில் தங்கியதும், பின்னர் எந்திரம் நமக்கென்றே அரைத்துத் தந்ததும்தான். நூறாண்டு கூட நிறையாத ஒரு வியாபார ஏற்பாட்டை மக்கள் மரபு என்று கொண்டாடுவது மக்களுக்குச் செய்யும் மரியாதையா?

தெருமுனைத் தேநீரை நாங்கள் இழிவாகச் சொல்லவில்லை. பாய்லரின் ஆவியில் துணி வடிகட்டியைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடித் தம்ளருக்கும் குவளைக்கும் இடையே ஒரு முழ உயரத்தில் ஆற்றி, நுரையோடு நீட்டும் டீ மாஸ்டரின் கை தேர்ந்த கை. அந்தத் தேநீரை நாங்கள் நாள்தோறும் குடிக்கிறோம், இனியும் குடிப்போம். கேள்வி வேறு. அது ஒன்றுதான் தேநீர் என்று யார் தீர்மானித்தார்கள்?

*

இலக்கிய வாசகர்கள் என்பதால் இலக்கியத்திலிருந்தே பேசுவோம். காப்பி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் காப்பி நம் புனைகதைக்குள் முழு மரியாதையோடு நுழைந்தது. தி. ஜானகிராமனை வாசித்தவர்களுக்கு டிகாக்ஷனின் மணம் மூக்கில் ஏறாமல் போயிருக்காது. முதல் டிகாக்ஷன், பாலின் பதம், டபராவின் சூடு என்று காப்பிக்குத் தமிழில் ஒரு சுவை மொழியே உருவாயிற்று.

தேயிலைக்கு என்ன கிடைத்தது? புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி', சி. வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே', டி. செல்வராஜின் 'தேநீர்', மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆகிய நாவல். இவையெல்லாம் எழுதப்பட்டே ஆகவேண்டியவை. இவற்றிலிருந்து நம் நினைவில் நிற்பவை குளிர், அட்டை, கங்காணி, கடன், கூடை சுமந்த முதுகு. சுவை அன்று.

ஆக, நம் இலக்கியத்தில் காப்பிக்கு நாக்கு உண்டு. தேயிலைக்கு முதுகு மட்டுமே. காப்பியைக் குடித்தவன் எழுதினான். ஆகவே அதைப் பறித்தவளைக் காணோம். தேயிலையைப் பறித்தவளைப் பற்றி எழுதினோம். ஆகவே அவளுக்கு நாக்கு இருப்பதையே மறந்தோம். மஞ்சக்குட்டைத் தோட்டங்களில் பழம் பறிப்பவர்களின் முதுகு எந்தக் கும்பகோணத்துக் கூடத்துக் காப்பியில் தெரிகிறது? இந்த இரண்டு மறதியும் ஒரே மறதியின் இரண்டு பக்கங்கள்.

வரலாற்றிலும் இவ்விரு பயிர்களைப் பிரிக்க முடியாது. இலங்கையின் மலைகளுக்குத் தமிழர்கள் முதலில் போனது தேயிலைக்காக அல்ல, காப்பிக்காக. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் காப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. பயிர் மாறியது, சுமந்த முதுகு மாறவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அப்படித் திரும்பியவர்களுக்காக 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தோட்டங்களே பின்னர் டான்டீ ஆயின. அந்த நிறுவனத்தின் நிலத்தில் ஏறத்தாழ 2,000 ஹெக்டேரை வனத்துறையிடம் ஒப்படைக்க 2022இல் ஆணை வந்தபோது, அதே குடும்பங்கள் மீண்டும் ஒருமுறை தங்கள் கூரையைப் பற்றிக் கவலைப்பட்டன. இத்தனை வரலாறும் அடங்கிய இலையை நாம் பாலும் சர்க்கரையும் போட்டு மறைத்துக் குடிக்கிறோம்.

*

இனி அந்த மாலைக்கு வருவோம். ருசிப்பதற்குப் பீங்கான் கோப்பையும் வெள்ளிக் கரண்டியும் வேண்டும் என்பது பொய். எங்களிடம் இருந்தவை ஓர் எவர்சில்வர் பாத்திரம், அதற்கொரு மூடி, ஒரு வடிகட்டி, ஐந்தாறு தம்ளர்கள். 150 மில்லி தண்ணீருக்கு இரண்டரை கிராம் இலை. மூடி வைத்து மூன்று நிமிடம். வடிகட்டி அப்படியே குடித்தோம். பால் இல்லை, சர்க்கரை இல்லை.

ஏற்காட்டு உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கறுப்புத் தேயிலைக்கும் ஊலாங்குக்கும் அதுவே போதும். பச்சைத் தேயிலைக்கு மட்டும் கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, 80 டிகிரிக்குக் கீழே வந்தபின் ஊற்றி, இரண்டே நிமிடத்தில் இறுத்துவிட வேண்டும். அவசரப்பட்டால் கசக்கும். பச்சைத் தேயிலை கசப்பு என்று முகம் சுளிப்பவர்களில் பாதிப்பேர் அதைக் கொதிக்கவைத்துக் கொன்றவர்கள்.

ஐந்தும் ஒரே செடியின் இலைகள் என்றபோது சிலர் நம்பவில்லை. நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுக்கிறதல்லவா, அதே வேலைதான் கசங்கிய தேயிலையிலும் நடக்கிறது. பறித்தவுடன் சூடு காட்டி அந்த வேலையை நிறுத்தினால் பச்சைத் தேயிலை. பாதியில் நிறுத்தினால் ஊலாங். முழுக்க நடக்கவிட்டால் கறுப்பு. பறித்த கை ஒன்று, செடி ஒன்று. நேரமும் சூடும் வேறு.

டார்ஜீலிங் இலை வெளிறிய நிறத்தில் இறங்கி, பச்சைப்பழத்தின் புளிப்போடு நின்றது. ஊவா இலை நாக்கில் குளிர்ச்சியாக ஏறியது. கற்பூரவல்லியைக் கிள்ளி முகர்ந்ததுபோல் ஒரு நெடி. நீலகிரியின் குளிர்கால இலையோ, பனிக்காலத்தில் மெல்ல வளர்ந்த கொழுந்தின் பொறுமை முழுவதையும் மணமாக வைத்திருந்தது. ஊலாங் வந்தபோதுதான் நாங்கள் தடுமாறினோம். விழுங்கியபின் தொண்டையில் மெதுவாக ஓர் இனிப்பு ஊறியது. அதைச் சொல்லத் தெரியாமல் ஆங்கிலப் புத்தகங்களின் சொற்களைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குச் சமைத்துக்கொடுத்த அம்மா பக்கத்துத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர். அவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்திருந்தோம். குடித்துவிட்டுச் சொன்னார்: "நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்சாப்ல இருக்குதுங்க."

அவ்வளவுதான். சீனர்கள் அந்தத் திரும்பி வரும் இனிப்புக்குத் தனிப்பெயரே வைத்துப் போற்றுகிறார்கள். அதை அவர் ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார். ஐரோப்பியச் சுவைநூல்கள் துவர்ப்பை ஒரு சுவையாகவே எண்ணுவதில்லை. வாய் வறளும் உணர்வு என்று ஒதுக்கிவிடும். நாமோ அறுசுவையில் ஒன்றாக அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறோம். கடுக்காய், வாழைப்பூ, மாதுளைத்தோல், கொட்டைப்பாக்கு என்று துவர்ப்பின் வகைகளை அறிந்த நாக்கு நம்முடையது. தேயிலையின் உயிர் துவர்ப்பு. அதை ருசிக்கும் மொழியைத் துரைமாரிடம் கடன் வாங்க வேண்டிய தேவை நமக்கு என்ன இருக்கிறது?

ருசிப்பது துரைமார் விளையாட்டு என்ற நண்பரிடம் ஒன்று கேட்கிறோம். அந்த அம்மாவின் நாக்குக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? உழைக்கிறவருக்குப் பசி உண்டு, ருசி கிடையாது என்பதுதான் துரையின் கொள்கை. அதைச் சிவப்புச் சாயம் பூசிச் சொன்னாலும் துரையின் கொள்கைதான்.

*

எதிர்த்தரப்புக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். மலைச்சரிவைப் பார்த்த சாய்வு நாற்காலியில் அமர்ந்து, மணத்தைப் பற்றி மட்டும் உருகும் ரசிகர்களுக்கு. 2006 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போயிற்று என்று பெருமை பேசுகிறவர்கள் நீங்கள். அதே நீலகிரியில் 2023 செப்டம்பரில் பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டுச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளரின் கூலிக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின் முடிவில், தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். இவை தெரியாத நாக்கு அரை நாக்கு.

ருசியும் நீதியும் வெவ்வேறு வழக்குகள் அல்ல. ஒரு கிலோ தேயிலைக்கு நான்கரை கிலோவரை பச்சை இலை வேண்டும். இரண்டு இலை ஒரு கொழுந்து என்று நிதானமாகப் பறித்தால் எடை குறையும், நேரம் கூடும். எல்லாம் தூளாகத்தான் போகிறது என்னும்போது, நிதானத்துக்கு யார் விலை கொடுப்பார்கள்? முற்றிய இலையும் இளங்கொழுந்தும் ஒரே உருளையில் அரைபடும் சந்தையில் சிறு விவசாயியின் கவனமும் சேர்ந்தே அரைபடுகிறது. குடிக்கிறவன் வேறுபாட்டை அறியாதவரை, விளைவிக்கிறவன் வேறுபாட்டுக்குக் கூலி கேட்க முடியாது.

விலை அதிகமல்லவா என்பார்கள். 100 கிராம் இலையில் 40 தம்ளர் வரும். நல்ல ஊலாங் என்றால் அதே இலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றலாம். கணக்கை நீங்களே போட்டுப்பாருங்கள். பார்த்தபின்னும் தூள்தான் மலிவு என்றால் தூளையே வாங்குங்கள். வாரத்தில் ஒருநாள் இலைக்கு ஒதுக்குங்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. நீலகிரியின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் அரசுத் தோட்டங்களும் நல்ல முழு இலையை 50 கிராம் பொட்டலமாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடைவரை கொண்டுவரட்டும். பொட்டலத்தின்மேல் தோட்டத்தின் பெயரும் பறித்த மாதமும் தமிழில் இருக்கட்டும். எழுதுகிறவர்கள் அடுத்த மலைநாவலில் கூடை சுமந்தவளை ஒரு தம்ளர் நல்ல தேநீர் குடிக்கவிட்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று காதுகொடுத்துக் கேட்கட்டும்.

அடுத்த கூட்டமும் மஞ்சக்குட்டையில்தான். இலை எங்கள் பொறுப்பு. கோபித்துக்கொண்ட நண்பர் அவசியம் வரவேண்டும். குடித்துவிட்டு மறுக்கட்டும்.