சினிமாச் செலவும் கூலியில் சேர்ந்ததுதான்!

"தொழிலாளி ஏன் கஷ்டப்படுகிறான்? சினிமாவுக்குப் போகிறான், அதனால் கஷ்டப்படுகிறான்!" — இப்படி ஓர் உபதேசம் நம் நாட்டிலே நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. உபதேசம் செய்பவர்கள் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்கள். கேட்டுக் கொண்டிருப்பவனோ தறியிலே குனிந்து முதுகு வளைந்தவன். கேட்டுக் கேட்டு, கடைசியில் அவனே அதை நம்பிவிடுகிறான். அதுதான் நம்மை வருத்துகிறது.

பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களிலும், அதை ஒட்டிய பிள்ளையார்பாளையத்திலும் மாலை வேளையில் டீக்கடைப் பெஞ்சிலே என்ன பேச்சு நடக்கிறது? காது கொடுத்துக் கேளுங்கள்:

"இன்னா அண்ணே, கரண்ட் பில்லு கட்டிட்டீங்களா?"

"நாளைக்குத்தாம்பா கடைசி நாளு. கேஸ் வேற தீந்துபோச்சு. பையனுக்கு நோட்டு வாங்கணும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை படம்?"

"படமா? அது கிடக்கட்டும்பா. சேலை முடிச்சுக் குடுத்து கூலி வரட்டும், பாக்கலாம்."

சாதாரணப் பேச்சு. நாள்தோறும் நடக்கும் பேச்சு. ஆனால் பொருளாதார நிபுணர்கள் எழுதும் பெரிய புத்தகங்களில் இல்லாத உண்மை ஒன்று இதிலே இருக்கிறது. பில் தேதிக்கு வருகிறது. கூலி சேலைக்கு வருகிறது! மின்சார வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். வாடகை முதல் தேதியன்று நிற்கும். எல்லாவற்றுக்கும் நாள் உண்டு. நெசவாளியின் வரவுக்கு மட்டும் நாள் இல்லை.

ஏன் இல்லை? கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. உடலையும் கரையையும் இழைக்கு இழை கோத்து வாங்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் யார்? பெரும்பாலும் மனைவி, இல்லையேல் மகன், மகள். பாவு பிணைப்பதும் நூல் இழைப்பதும் வீட்டுப் பெண்கள் கையால் நடக்கும் வேலைகளே. ஆனால் கூலிப் புத்தகத்திலே ஒரு பெயர், ஒரு தொகை! மழை பிடித்துக் கொண்டால் குழித்தறியில் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும். தறி நின்றாலும் அடுப்பு நிற்குமா? பில் நிற்குமா?

2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைச் சொல்லிற்று. இந்தியாவின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதித்தன. ஆயிரக்கணக்கில் விலைபோகும் பட்டை நெய்யும் நாட்டின் நிலைமை இது!

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூற மாட்டோம். பொய் சொல்லி ஆகவேண்டிய காரியம் நமக்கு இல்லை. 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று ஆயிற்று. கைத்தறி நெசவாளர்க்கு 200 யூனிட்டாக இருந்தது 2023-ல் 300 ஆக உயர்ந்தது. அதே 2023-ல், செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, அவர் பிறந்த இந்தக் காஞ்சியிலேதான், குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. இவை ஏழை வீட்டின் சுமையைக் குறைத்தன, மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒரு கை கொடுத்ததை மற்றொரு கை வாங்கிக் கொள்கிறதே! 2025 ஏப்ரலில் சமையல் எரிவாயு சிலிண்டர் விலை ஒரே மூச்சில் 50 ரூபாய் ஏறிற்று. வாடகை வீட்டில் குடியிருப்பவனுக்கு இலவச யூனிட்டின் பலன் முழுதும் போய்ச் சேருவதும் இல்லை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்பதைக் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். சலுகை தேவைதான். ஆனால் சலுகை கூலி ஆகாது. சலுகை பிறர் மனமிரங்கித் தருவது. கூலி நாம் உழைத்துப் பெறுவது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வருவோம்.

டிக்கெட் ஆளுக்கு 150 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் — 600 ரூபாய். மாதம் 5,000 சம்பாதிக்கும் வீட்டிலே அது எட்டில் ஒரு பங்கை நெருங்குகிறது! டிக்கெட்டுக்குள்ளே வரி வேறு ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், அதற்கு மேல் போனால் 18 சதவிகிதம். மலிவு டிக்கெட்டுக்கு வரி குறைந்தது நல்லதே. ஆனால் 100 ரூபாய்க்கு உட்பட்ட ஆசனத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே!

இடைவேளையில் குழந்தை தின்பண்டம் கேட்கும். வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுபோகலாமா? வெளித் தின்பண்டத்தைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தையின் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் கூறியது. ஆக, சட்டப்படி ஏழைக் குடும்பத்துக்குக் கிடைப்பது தண்ணீர்!

"இவ்வளவு செலவு என்றால் போகாமலே இருந்து தொலையட்டுமே!" என்பார் உபதேசியார். இங்கேதான் நாம் அவரை மறித்துக் கேட்கிறோம்: எதெல்லாம் அவசியச் செலவு, எதெல்லாம் ஆடம்பரம் என்று தீர்மானித்தது யார்?

தோழர்களே, இதற்கு நாட்டிலே ஏற்கெனவே தீர்மானம் உண்டு. தொழிலாளி அறியாமல் கிடக்கும் தீர்மானம்! 1957-ல் டெல்லியில் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடிற்று. அரசாங்கமும், முதலாளிகளும், தொழிற்சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். வயது வந்தவர்க்கு நாளுக்கு 2,700 கலோரி உணவு. இது குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்த டாக்டர் அய்க்ராய்டு சொன்ன கணக்கு. நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. இவற்றோடு எரிபொருள், விளக்கு, இதரச் செலவுக்காகக் கூலியிலே 20 சதவிகிதம். கவனியுங்கள்: கரண்ட் பில்லும் கேஸ் பில்லும் அன்றைக்கே கூலிக் கணக்கில் ஏறிவிட்டன!

சினிமா ஏறிற்றா? அதுவும் ஏறிற்று! ரெப்டகாஸ் பிரெட் என்ற மருந்துக் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர் வழக்கிலே 1991-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957-ன் கணக்கு மட்டும் போதாது. குழந்தைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை உள்ளிட்ட குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமை, கல்யாணம் இவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியிலே மேலும் 25 சதவிகிதம் சேர வேண்டும் என்றது. பொழுதுபோக்கு! கனவான்கள் ஊதாரித்தனம் என்று எதைக் கூறுகிறார்களோ, அதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கூலியின் அங்கம் என்று எழுதி வைத்திருக்கிறது.

ஆகையால் வீட்டுக்கணக்கிலே சினிமாவுக்கு இடமில்லாமல் போனால், தவறு சினிமாவில் இல்லை, கூலியில் இருக்கிறது. எந்த வீட்டிலே படத்தை அடித்துவிட்டுப் பில் கட்டுகிறார்களோ, அந்த வீட்டுக்குக் கூலி பாக்கி இருக்கிறது என்று பொருள்!

இது புதிய கோரிக்கையும் அல்ல. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு — இதுதானே உலகத் தொழிலாளியின் பழைய முழக்கம்? 1923-ல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினாரே, அந்த நாளின் பொருளே இதுதான். மூன்றாவது எட்டு மணி நேரம் தூங்குவதற்கு அல்ல, மனிதனாக வாழ்வதற்கு. பாட்டுக் கேட்க, படிக்க, படம் பார்க்க, பிள்ளையோடு சிரிக்க. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு ஊதினால் வேலை முடியும். வீட்டுத் தறிக்காரனுக்குச் சங்கும் இல்லை, முடிவும் இல்லை.

சினிமாவை இழிவாகப் பேசுகிறவர்கள் இந்த ஊரின் வரலாற்றையும் நினைத்துப் பார்க்கட்டும். காஞ்சியில் பிறந்த அண்ணா 1949-ல் 'வேலைக்காரி'யையும் 'நல்லதம்பி'யையும் எழுதியபோது, திரைப்படம் வெறும் வேடிக்கையாகவா இருந்தது? பிற்காலத்தில் பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்', மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை தர ஏங்கிய நெசவாளியின் கதை. 55-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படம் அதுவே. நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர். நெசவாளியின் கண்ணீரைத் திரையிலே பார்த்து நாடு பாராட்டியது. அந்த நெசவாளி குடும்பத்தோடு போய்த் திரையைப் பார்க்கக் கூலி போதவில்லை!

இனி, தோழர்களே, உங்களிடமே ஒரு கேள்வி. கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த படத்துக்கு யாரோடு போனீர்கள்? கூட்டாளிகளோடு முதல் நாள் இரண்டாவது ஆட்டம் பார்த்து விசிலடித்து வந்தீர்கள். சரி. தறியின் மறுபக்கத்திலே உட்கார்ந்து உங்களோடு சேலையை நெய்தவள் எப்போது பார்த்தாள்? "ஏங்க, இந்த மாசம் படம் வேணாங்க, பில்லைக் கட்டிடலாம்" என்று முதலில் விட்டுக் கொடுப்பவள் அவள். உரிமைத் தொகை வந்தால் அதைச் சிலிண்டருக்கு எடுத்துக் கொடுப்பவளும் அவள். முதலாளி உங்கள் உழைப்பைக் குறைத்து எழுதுகிறான் என்று சங்கத்திலே முழங்குகிறோம். அவள் உழைப்பை வீட்டிலே எழுதாமலே விட்டுவிடுகிறோம். வீட்டிலே நீதி வழங்காதவன் வெளியிலே நீதி கேட்டால் குரலில் வலு இராது.

செய்ய வேண்டியது என்ன? ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் வரவு செலவை ஒரு நோட்டிலே எழுதுங்கள். பில், பால், அரிசி, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் எழுதுங்கள். பார்த்த படத்தை எழுதுங்கள். பார்க்காமல் விட்ட படத்தையும் எழுதுங்கள். இரண்டு: ஒரு சேலைக்கு எத்தனை நாள், எத்தனை கை, மழைக்கு எத்தனை நாள் நின்றது என்று குறியுங்கள். மூன்று: கூட்டுறவுச் சங்கத்திலும், பாவும் ஜரிகையும் கொடுக்கும் தனியார் முதலாளிகளிடமும் கூலி உயர்வு பேசும்போது அந்த நோட்டுகளை மேஜை மீது வையுங்கள். 1957-ன் 20 சதவிகிதம் எங்கே, 1991-ன் 25 சதவிகிதம் எங்கே, இரண்டாவது ஆளின் கூலி எங்கே என்று கேளுங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி என்கிறது. வீட்டுத்தறிக்கு அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர் யார் என்று அரசாங்கத்தையும் கேளுங்கள்.

"கஷ்டமாயிருக்கிறது" என்று டீக்கடையில் சொன்னால் அது பெருமூச்சு, காற்றோடு போகும். அதையே ரூபாய் கணக்காக எழுதிச் சங்கத்திலே வைத்தால் அது கோரிக்கை. பதில் சொல்லியாக வேண்டும். பெஞ்சிலே தினமும் பேசுகிற அந்தப் பில்லையும் படத்தையும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள். அரிசிக்குக் கூலி கேட்கக் கூசாத நாம், நாலு பேர் சேர்ந்து சிரிக்கும் ஒரு மாலைப் பொழுதுக்குக் கூலி கேட்க ஏன் கூச வேண்டும்?