மறுதொடக்கம் பழுதுபார்ப்பு ஆகாது

வீட்டு இணையம் நின்றுபோய்ச் சேவை மையத்தை அழைக்கும் வாடிக்கையாளருக்கு, கோளாறு என்னவென்று கேட்கப்படுவதற்கு முன்பே, 'ரவுட்டரை ஆஃப் செய்து 30 விநாடி கழித்து ஆன் செய்யுங்கள்' என்ற பதில் ஆண்டுக்கணக்காகக் கிடைத்துவருகிறது. கண்டறிய வேண்டியவர்கள் தம் வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டும் ஏற்பாடு இது.

பெரும்பாலான கோளாறுகள் மறுதொடக்கத்திலேயே தீர்ந்துவிடும் என்பது இதை ஆதரிப்போரின் முதல் வாதம். இன்று பல வீடுகளுக்கு இணையம் வருவது ஃபைபர் எனப்படும் ஒளியிழை வழியாகத்தான். அதன் முனையில் ஒளியை மின் சைகையாக மாற்றும் ஓ.என்.டி. என்ற பெட்டி இருக்கிறது. ஒரே இழையின் ஒளி ஸ்ப்ளிட்டரில் 32 வீடுகளுக்குப் பிரியும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் மிகச் சிறு பங்கே வந்துசேர்கிறது; பரவலாக உள்ள ஜி-பான் வகை ஓ.என்.டி. பெட்டிகள் ஏற்கும் கீழெல்லையான மைனஸ் 27 டி.பி.எம். என்பது ஒரு மில்லிவாட்டில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. அலமாரிக்குப் பின்னால் இழை மடங்கியோ, பச்சை நிறக் கனெக்டரின் முனையில் தூசி படிந்தோ இன்னும் 3 டெசிபல் இழந்தால் அதிலும் பாதி போய்விடும். ஒளி அறவே போதாதபோது எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது. மடங்கிய இழையை எந்த மறுதொடக்கமும் நிமிர்த்துவதில்லை.

'ஆஃப் செய்து போட்டதும் சரியாகிவிட்டதே' என்பது அடுத்த வாதம். மக்களை மிகுதியும் ஏமாற்றுவது இதுதான். ஒரு மறுதொடக்கத்தில் பல மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன: ரவுட்டரின் நினைவகமும், எந்தக் கருவிக்கு எந்தத் தரவு என்று குறித்துவைக்கும் நேட் அட்டவணையும் வெறுமையாகின்றன, நிறுவனத்துடனான இணைப்பு புதிதாக ஏற்படுகிறது, வைஃபை தானாகச் சானலைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பில் இருந்தால் வேறு சானலுக்குத் தாவவும் கூடும். இவற்றுள் எது குணமாக்கியது என்பதை வெற்றி சொல்வதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்களாக 1, 6, 11 என மூன்றையே வழக்கமாகக் கொள்ள முடிவதால், அடுக்ககத்தில் பக்கத்து வீடுகளின் நெரிசல்தான் காரணம் எனில் மறுநாள் மாலையே தொல்லை திரும்பிவிடும். இதைவிடப் பெரிய இழப்பு, வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் நிகழ்வுப் பதிவு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது என்பது. மின்சாரம் நின்றதும், இணைப்பு எப்போது அறுந்தது, ஏன் அறுந்தது என்ற தடயம் முழுவதும் அழிந்துபோக, பின்னர் வரும் லைன்மேன் பச்சை விளக்கைக் கண்டு 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று புகாரை முடித்துவிடுகிறார்.

தீங்கேதும் இல்லை என்பதும் பொய். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரத்தை நிறுத்தினால் ரவுட்டரே செயலற்றுப் போகலாம்.

மறுதொடக்கத்துக்கு முன் முதலில் பார்க்க வேண்டியவை விளக்குகள். பின்னர் மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் இணைத்து, 192.168.1.1 போன்ற ரவுட்டர் முகவரிக்கும், அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்ப வேண்டும். இரண்டும் பதில் தந்தும் தளங்கள் மட்டும் திறக்கவில்லையெனில், பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். மீதே முதல் ஐயம் விழ வேண்டும். இணையம் கேபிளில் ஓடி வைஃபையில் மட்டும் தடுமாறினால், குறை வீட்டுக்கு வரும் இணைப்பில் இல்லை, வைஃபையில்தான் இருக்கிறது.