அம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரைக் பண்ணலாமா?

"அம்புலன்ஸ்காரங்க ஸ்ட்ரைக் பண்ணினா ஆள் செத்துப்போகும் மச்சான்." எங்கள் வட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது முதலில் எல்லோரும் தலையாட்டினோம். ஆட்டாமல் எப்படி? நாங்கள் ஊவாவின் தோட்டத்துப் பிள்ளைகள். இரவில் வலி வந்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி, உடைந்த ரோட்டில் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய, பிறகு எங்கள் மாகாணத்துக்கும் வந்தது. அந்த நம்பரின் அருமை எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு ஒரு குறை இருந்தால் யாரிடம் சொல்வார்?

1990ஐ ஆரம்பத்தில் இங்கே நடத்தியது ஜிவிகே ஈஎம்ஆர்ஐ. இந்தியாவின் பல மாநிலங்களில் 108ஐ நடத்தியதும் அதே நிறுவனம்தான். அங்கே காசு அரசாங்கத்துடையது, ஊழியர் கம்பெனியின் ஆள். இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் கையை விரிக்க வசதி இருக்கிறது.

2021 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் அதுதான் வெடித்தது. உயிர்காப்புக் கருவிகள் உள்ள அம்புலன்ஸ்களின் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. பழைய ஊழியர்களை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. வேலைநிறுத்தம் வந்தது. அரசு அத்தியாவசிய சேவைச் சட்டத்தைக் காட்டியது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கொரோனா நோயாளிகளைச் சுமந்து ஓடியவர்கள் இவர்கள்.

இதை வாசித்தபோது எங்களுக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்த அலை ஊவாவுக்கும் வந்தது. பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கலந்துதான் நடப்பேன் என்று துரையே ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. பிறகு பொலிஸ் அடக்குமுறை வந்தது, போராட்டம் நசுக்கப்பட்டது. ஆனாலும் அதே ஆண்டு ஏழு அம்ச உடன்படிக்கையில் தோட்டத்துச் சங்கங்களுக்கு ஓர் அங்கீகாரம் கிடைத்தது. சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னாலேயே, "எங்களோடு உட்கார்ந்து பேசு" என்பதற்காகத்தான் நம்ம தாத்தா பாட்டிமார் அடி வாங்கினார்கள்.

சட்டம் அதற்குப் பின்னால்தான் மெதுவாக நடந்து வந்தது. இலங்கையில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆனால் ஓர் இடத்தின் தொழிலாளரில் 40 வீதம் பேர் உறுப்பினராக இருந்தால் அந்தச் சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னது 1999இல்தான்.

சங்கம் என்றாலே நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. சந்தா மட்டும் பிடித்துக்கொண்டு, கூட்டு ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள் என்று தொழிலாளிக்கே சொல்லாத தலைமைகளையும் பார்த்திருக்கிறோம். ஆனால் 2021இல் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறிய பிறகு என்ன ஆனது? பேச ஒரு மேசையே இல்லாமல் போனது. மோசமான மேசையைவிட மேசை இல்லாதது இன்னும் மோசம்.

சரி, நோயாளி? அந்தப் பயம் பொய்யில்லை. பிரிட்டனில் 1989–90இல் அம்புலன்ஸ் ஊழியர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். முதலில் கைவைத்தது ஓவர்டைமில்தான். அவசர அழைப்புகளுக்குப் போவதை விடக்கூடாது என்பதே சங்கங்களின் நிலைப்பாடு. 40 இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். உயிரையும் காக்கலாம், உரிமையையும் கேட்கலாம். ஒன்றுக்காக ஒன்றை விட வேண்டியதில்லை.

எங்கள் நிலைப்பாடு இதுதான். அவசர அழைப்பு எந்த நாளும் நிற்கக்கூடாது. அதற்காக ஸ்ட்ரைக் உரிமையைக் குறைப்பதென்றால், பதிலுக்குச் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், இரண்டு தரப்பும் ஏற்கும் நடுவர் ஒருவர் வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நிலைப்பாடும் ஏறக்குறைய இதுவே. வாயையும் கட்டிவிட்டுக் கையையும் கட்டுவது நியாயமில்லை.

"ஆள் செத்துப்போகும்" என்று அடுத்த முறை யாராவது சொன்னால் நாங்கள் தலையாட்டப் போவதில்லை. ஸ்ட்ரைக் வரும்வரை அவர்களோடு பேச மறுத்தது யார் என்று கேட்போம்.