கர்மவினைக்குக் கன்னம் தெரியுமா?

புற்றுநோய் கண்டவனைப் பார்த்து நம் ஜனங்கள் சொல்லும் முதல் வார்த்தை, "எந்த ஜென்மத்துப் பாவமோ!" என்பதுதான். பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலும் வாயில் புண் வந்தால் முதலில் மந்திரிப்பது, பிறகு நேர்த்திக்கடன், கடைசியில் டாக்டர் என்று அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடுகின்றது.

இவர்களுக்கு டாக்டர் கனோல்கரின் (1895–1978) உழைப்பே தக்க பதிலாகும். லண்டனில் நோய்க்குறி சாஸ்திரம் கற்று, பம்பாயில் போதித்து, 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆராய்ச்சிச் சாலையை நடத்தியவர் அவர். 1952இல் ஏற்பட்ட இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரும் அவரே. புண்ணில் ஒரு துணுக்குச் சதையை எடுத்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பது அவர் தொழில். அதோடு நில்லாமல், அந்தச் சதைக்குரியவன் எதை மென்றான், எதை உடுத்தினான் என்றும் விசாரித்தார்.

கண்டது என்ன? பழக்கத்தால் வரும் புற்றுகளைப் பற்றி 1945இல் அவரும் ஒரு கூட்டாளியும் எழுதி வெளியிட்டார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டுகிறவனுக்கு இடுப்பில் புற்று. புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கிக் கீழுதட்டில் அடக்குகிறவனுக்கு உதட்டில் புற்று. காஷ்மீரத்தில் குளிருக்காக நெருப்புச் சட்டியை அங்கிக்குள் அணைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதை வைத்தியர்கள் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். பாவத்தின் பலன்தான் நோய் என்றால், அந்தப் பாவத்துக்கு வேட்டி கட்டும் இடம் எப்படித் தெரிந்தது? நம்மூரில் வெற்றிலையை அடக்கும் கன்னத்தை அது எப்படித் தேடிக் கண்டுபிடித்தது? தலையில் எழுதியவன் காஷ்மீரத்தானுக்கு வயிற்றிலும் நமக்கு வாயிலுமா எழுதினான்?

"புகையிலைதானே கெடுதல், தாம்பூலம் மங்கலமாயிற்றே!" என்பார்கள். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்டுவிட்டது. மங்கலம் என்று பெயர் வைத்ததால் விஷம் விஷமாகாமல் போகுமா?

எல்லாப் புற்றும் பழக்கத்தால் வருவதென்று நாம் சொல்லவில்லை. நோயாளியைப் பழிப்பதும் நம் எண்ணமல்ல. பாவி என்று அவனைத் தூற்றுவதைத்தான் கண்டிக்கிறோம். பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் பசியை மறக்கப் புகையிலை போடும் கூலியாளுக்கு அதன் கெடுதலை எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புப் படையோ மூன்று வாரம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கின்றது. அரியலூரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. ஆரம்பத்தில் கண்ட வாய்ப்புற்றைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். விபூதிக்குச் செலவாகும் அந்த மூன்று மாதம்தான் உயிரின் விலை.