உறைமோர்

ராத்திரி பாலுக்கு உறை ஊற்றுவது எங்கள் வீட்டில் என் வேலை. பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது நேற்றைய தயிரில் ஒரு கரண்டி. மறந்து தூங்கிவிட்டால் காலையில் பேச்சு வாங்க வேண்டும், அதோடு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். ரிச்சர்ட் லென்ஸ்கியின் பரிசோதனையைப் பற்றி முதலில் படித்தபோது, அட, இந்த மனிதர் செய்வதும் உறை ஊற்றுகிற வேலைதானே என்று தோன்றியது.

1988 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். ஒரே தாயின் வாரிசுகளான ஈ. கோலை பாக்டீரியாக்களை 12 குடுவைகளில் விட்டார். சாப்பிடக் கொஞ்சம் குளுக்கோஸ். மறுநாள் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவையில் ஊற்றினார். அதற்கு மறுநாளும் அதே. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பண்டிகை கிடையாது. ஒரு நாளில் ஆறேழு தலைமுறை ஓடிவிடும். 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்துவிடுவார்கள். உறைந்தவை சாவதில்லை, வேண்டும்போது எழுப்பலாம். கொள்ளுத்தாத்தாவையும் கொள்ளுப்பேரனையும் ஒரே நாளில் எழுப்பி ஓடவிட்டு, யார் கால் வேகம் என்று பார்க்க முடிகிற குடும்பம் அது.

அந்தத் திரவத்தில் சிட்ரேட்டும் இருந்தது. எலுமிச்சைப் புளிப்பின் சங்கதி. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஈ. கோலையால் அதைச் சாப்பிட முடியாது. ஒரு பாக்டீரியா ஈ. கோலைதானா என்று அடையாளம் காணவே இந்த இயலாமையைப் பயன்படுத்துகிற அளவுக்கு ஊரறிந்த குணம். ஏறத்தாழ 33,000 தலைமுறை கடந்தபின் ஒரு குடுவை மட்டும் கலங்கிப்போய் நின்றது. வேறு ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். சோதித்தால், வீட்டுப் பிள்ளையேதான். சிட்ரேட் சாப்பிடக் கற்றுக்கொண்டிருந்தது. ஸாகரி பிளவுண்ட் என்ற மாணவர் உறைந்த தலைமுறைகளைத் திரும்ப எழுப்பி, பல லட்சம் கோடி செல்களைச் சலித்துப் பார்த்தார். 20,000 தலைமுறைக்குப் பிந்தையவற்றில் மட்டுமே அந்தத் திறன் மறுபடி தலைகாட்டியது. அதாவது அதற்கு முன்பே ஏதோ ஒரு மாற்றம் சத்தமில்லாமல் வழி போட்டிருக்கிறது. 2008 ஜூனில் கட்டுரை வெளிவந்தது.

அதே மாதம் லென்ஸ்கிக்கு ஒரு கடிதம். தரவுகளை எல்லாம் பொதுப் பார்வைக்கு வையுங்கள் என்றது. எழுதியவர் பரிணாமத்தை ஏற்காத ஆண்ட்ரூ ஷ்லாஃப்லி.

இவரை ஏதோ கைநாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. பிரின்ஸ்டனில் மின்பொறியியல், ஹார்வர்டில் சட்டம். அம்மா பிலிஸ் ஷ்லாஃப்லி, 1970களில் பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய் மடக்கிப்போட்டவர். மகன் வீட்டுவழிக் கல்வி மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் கட்டுரையில் கிறிஸ்துவை வைத்து ஆண்டைக் குறிக்காமல் பொ.ஆ. என்பதற்கு இணையான குறியீட்டைப் போட்டிருந்தார். இப்படித்தான் விக்கிப்பீடியா பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஆசிரியருக்குக் கோபம். 2006 நவம்பரில் கன்சர்வபீடியா பிறந்தது; பழமைவாதக் கிறிஸ்தவ அமெரிக்காவுக்கான இணையக் கலைக்களஞ்சியம்.

அதன் சித்தாந்தத்தில் ஒன்று, நிபுணர் கூட்டத்தைவிடப் பொதுமக்களில் சிறந்தவர்கள் மேல் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் கேள்வி கேட்காமல் தலையாட்டு என்று வளர்க்கப்பட்ட நமக்கெல்லாம் கொஞ்சம் கை தட்டலாம் போலக்கூட இருக்கும். நடைமுறையில் என்ன ஆனது? கருக்கலைப்பு செய்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அப்படித் தொடர்பு எதுவும் இல்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2003லேயே முடிவு சொல்லியிருந்தார்கள். ஒரு மருத்துவர் போய் ஆதாரங்களோடு திருத்தப் பார்த்தார். நீர் யார், உம் தகுதி என்ன என்று கேட்டு விவாதத்தை மூடிவிட்டார்கள். நிபுணர்களே வேண்டாம் என்று தொடங்கிய இடத்தில் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள்! அந்த மருத்துவரும் இன்னும் சிலரும் வெளியேறி, கன்சர்வபீடியாவைக் கிண்டலும் கண்டனமுமாகக் கிழிப்பதற்கென்றே 2007ல் ராஷனல்விக்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

ஐன்ஸ்டைனின் சார்பியலும் அங்கே பிடிக்கவில்லை. அதற்கு எதிரான உதாரணங்கள் என்று ஒரு பட்டியலே போட்டார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம் தரையில் இருப்பதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும், சார்பியல் சொன்னபடி அதைச் சரிசெய்யாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் அளவுக்குப் பிசகும். அந்தப் பட்டியலைத் தொகுத்தவர்களும் ஜி.பி.எஸ். பார்த்துத்தான் கார் ஓட்டியிருப்பார்கள். 2009ல் விவிலிய மொழிபெயர்ப்புகளில்கூடத் தாராளவாதச் சாய்வு புகுந்துவிட்டது என்று சொல்லி, திருத்தி எழுத உட்கார்ந்தார்கள்.

கடிதத்துக்கு வருகிறேன். லென்ஸ்கியின் முதல் பதில் சுருக்கம், மரியாதை: நீங்கள் கேட்பது கட்டுரையிலேயே இருக்கிறது, படியுங்கள். ஷ்லாஃப்லி விடவில்லை, மறுபடி கேட்டார். இரண்டாவது பதில் நீளம், காரம். நீர் கட்டுரையைப் படித்தமாதிரியே தெரியவில்லை. உண்மையான தரவு என்பது அந்த பாக்டீரியாக்களேதான், அவை என் உறைபெட்டியில் உயிரோடு இருக்கின்றன. அவற்றைக் கையாளத் தெரிந்த, வசதியுள்ள விஞ்ஞானி யார் கேட்டாலும் அனுப்புவேன் என்கிற ரீதியில் போகும். இணையமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

இப்போது மறுபடி படித்தபோது அவ்வளவு சிரிப்பு வரவில்லை. ‘தரவைக் காட்டு’ என்பது அறிவியலின் சொந்தக் கேள்வி. அதைக் கேட்டதற்காக ஒருவரைக் கிண்டல் செய்வது எனக்கு உறுத்துகிறது. விக்கிப்பீடியாவும் நிபுணரின் நாற்காலியை மதிப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. அதற்கு முன்னோடியான நுபீடியா 2000ல் நிபுணர்களை வைத்து ஏழு கட்டப் பரிசீலனையோடு தொடங்கி, இரண்டு டஜன் கட்டுரை அளவிலேயே படுத்துவிட்டது. விக்கிப்பீடியாவை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி சாங்கரே, இங்கே நிபுணருக்கு மரியாதை இல்லை என்று 2004ல் புலம்பி எழுதினார். நீ யார் என்று கேட்காதே, எங்கிருந்து எடுத்தாய் என்று கேள் என்பதே அந்த வீட்டு வழக்கம்.

அப்படியானால் ஷ்லாஃப்லியிடம் எது கோணல்? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது நான் எதிர்பார்க்காத ஓர் ஆளிடமிருந்து.

ஸ்காட் மின்னிச், இடாஹோ பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர். உயிர்களை ஓர் அறிவு வடிவமைத்தது என்ற கொள்கையைப் பள்ளியில் புகுத்தலாமா என்று பென்சில்வேனியாவின் டோவரில் 2005ல் நடந்த வழக்கில், அந்தக் கொள்கையின் பக்கம் சாட்சி சொன்னவர். லென்ஸ்கியின் முடிவு இவருக்கும் கசந்திருக்க வேண்டும். இவர் குடுவையைத் தூக்கினார். குளுக்கோஸ் தராமல் சிட்ரேட்டையே நம்பிப் பிழைக்க வேண்டிய நெருக்கடியில் ஈ. கோலையை விட்டால், 30,000 தலைமுறை எல்லாம் தேவையில்லை, சில வாரங்களிலேயே அது கற்றுக்கொண்டுவிடுகிறது என்று மின்னிச் குழு 2016ல் பாக்டீரியாவியல் ஆய்விதழில் எழுதியது. அது அபூர்வமாகத் தெரிந்ததற்குக் காரணம் லென்ஸ்கி வைத்திருந்த சூழல்தான் என்றார்கள். லென்ஸ்கி தரப்பு கூர்மையாக மறுப்பு எழுதியது. சண்டைதான், ஆனால் இரண்டு பக்கமும் கையில் குடுவை இருந்தது. நம்பிக்கை என்று பார்த்தால் மின்னிச்சுக்கும் ஷ்லாஃப்லிக்கும் பெரிய தூரமில்லை. ஒருவர் சில வாரம் உறை ஊற்றினார். இன்னொருவர் கடிதம் எழுதிவிட்டு, என்ன பதில் வந்தாலும் மாறாத ஒரு கட்டுரையைத் தன் களஞ்சியத்தில் ஏற்கெனவே வைத்திருந்தார்.

சிட்ரேட் விஷயமும் அதற்குள் தெளிவாகியிருந்தது. சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் புரதத்துக்கான மரபணு ஈ. கோலையிடம் முன்பே உண்டு. ஆக்சிஜன் இருந்தால் அது பேசாமல் கிடக்கும். அதன் இன்னொரு பிரதி, ஆக்சிஜன் இருக்கும்போதும் இயங்குகிற ஒரு விசைக்குப் பக்கத்தில் போய் விழுந்துவிட்டது என்று 2012ல் லென்ஸ்கி குழு கண்டுபிடித்தது.

ஷ்லாஃப்லியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதங்களை, தன்னை வறுத்தெடுத்த பதில் உட்பட, தன் களஞ்சியத்திலேயே போட்டார். சோவியத் களஞ்சியம் வேறு மாதிரி. 1950ல் வந்த தொகுதியில் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியாவைப் பற்றிப் பெரிய கட்டுரை இருந்தது. 1953ல் அவரைச் சுட்டுக் கொன்றபிறகு, சந்தாதாரர்களுக்கு பேரிங் கடலைப் பற்றி வீங்கிப்போன புதுப் பக்கங்களை அனுப்பி, பழையதைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு இதை ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

லென்ஸ்கியின் குடுவைகள் 2020 மார்ச்சில், கொரோனாவால், கொஞ்ச நாள் நின்றன. உறைய வைத்து, பிறகு எழுப்பினார்கள். 2022ல் 75,000 தலைமுறையைக் கடந்து, அந்தக் குடும்பம் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஜெஃப்ரி பாரிக்கின் ஆய்வகத்தில் யாரோ ஓர் ஆள் தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்து ஊற்றத் தொடங்கினார். சனி, ஞாயிறு உட்பட.