விதை யார் கையில்?

வெலிமடையிலும் ஊவா பரணகமவிலும் நெல்லறுத்த வயலில் உருளைக்கிழங்கு நடுகின்ற கமக்காரனைக் கேளுங்கள். அவன் எதற்கு அஞ்சுகிறான் என்று. மூடுபனிக்கு! வானம் மப்பாகி, ஈரம் காயாமல் சில நாட்கள் நின்றால் போதும். இலையோரத்தில் நீர் தோய்ந்தாற்போல் ஒரு கறை தோன்றும், கறை கருகும், பாத்தி முழுதும் அழுகி நாறும். கடன்பட்டு வாங்கிய விதைக்கிழங்கு, கடன்பட்டு இட்ட உரம், கடன்பட்டு அடித்த மருந்து யாவும் மண்ணோடு மண்ணாகும். இந்த இலைக்கருகல் நோயை எதிர்த்து நிற்கும் கிழங்கை விஞ்ஞானிகள் ஆக்கிவிட்டனர் என்ற செய்தி வரும்போது, ‘காதைப் பொத்திக்கொள்’ என்று அவனிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மரபணு மாற்றம் என்ற சொல்லைக் கேட்டதுமே ‘நஞ்சு, நஞ்சு’ என்று கூவுவோர் ஒருபுறம். ‘வந்தது விமோசனம்’ என்று கம்பனிகளுக்குத் தோரணம் கட்டுவோர் மறுபுறம். இவ்விருவர் பக்கமும் நாம் இல்லை. நாம் கேட்பது ஒரே கேள்வி: அந்த விதை யாருக்காக ஆக்கப்பட்டது, யார் கையில் இருக்கப்போகிறது?

இரண்டு கிழங்குகளின் கதையைப் பாருங்கள். முதலாவது அம்புளோரா. கிழங்கின் மாப்பொருளில் அமைலோசு, அமைலோபெக்டின் என இரு கூறுகள் உண்டு. காகித ஆலைக்கும் பசை ஆலைக்கும் பின்னதே தேவை. ஆகவே முன்னதை உண்டாக்கும் மரபணுவை ஒடுக்கி, ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பனி அதனை ஆக்கியது. 2010 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு அனுமதித்தது. அதில் இருந்த நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு மரபணுவைப் பற்றிச் சர்ச்சை மூண்டது. 2012 ஜனவரியில் கம்பனி ஐரோப்பியச் சந்தையைக் கைவிட்டு, ஆய்வுத் தலைமையகத்தை அமெரிக்காவுக்குப் பெயர்த்தது. 2013 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அனுமதியையே இரத்துச் செய்தது. ஒல்லாந்தில் விவசாயிகளின் கூட்டுறவான அவேபேயோ, அதே வகை மாப்பொருள் தரும் கிழங்கை மரபணு புகுத்தாமலே உருவாக்கிக்கொண்டது! நாட்டுக்கு வேண்டிய கிழங்கில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குகிற இலங்கையில், நமது கிழங்கு போகவேண்டியது கறிச்சட்டிக்கா, பசை ஆலைக்கா? ஆலைக் கிழங்கு ஊவாவின் தேவையன்று.

இரண்டாவது, நோயெதிர்க்கும் கிழங்கு. மெக்சிக்கோவின் காட்டுக் கிழங்கொன்றில் இந்நோயைத் தாங்கும் மரபணு உண்டு. வழமையான கலப்பினால் அதைக் கொண்டுவர நெடுங்காலம் செல்லும். ஆய்வுகூடத்தில் நேரே புகுத்தலாம். ஒரு மரபணு மட்டும் போதாது. நோய்க்கிருமி உருமாறி அதை வென்றுவிடும். ஆகவே லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் மூன்று மரபணுக்களை ஒருங்கே சேர்த்து, உகண்டாவின் விக்டோரியா வகையில் சோதித்தது. ஒல்லாந்து அரசு பொதுப்பணத்தில் 2006 முதல் பத்தாண்டுகள் இதே ஆய்வை நடத்தியது. உருளைக்கிழங்கு பெருகுவது கிழங்கினால். அதன் காட்டுறவினர் வாழ்வது அமெரிக்கக் கண்டங்களில். ஆதலின், மகரந்தம் பரவி நமது காடு கெடும் என்ற அச்சமும் இங்கே பெரிதன்று.

பின் தடை என்ன? கிழங்கையே விதையாக எடுத்துவைத்து மறுபோகம் நடுவது கமக்காரனின் வழக்கம். அந்த விதைக்குக் காப்புரிமை என்ற பூட்டைப் போட்டால், தன் வயலில் விளைந்த கிழங்கைத் தானே நடுவதும் குற்றமாகும். நோயிலிருந்து தப்பியவன் கடனில் விழுவான். இதற்கோ விஞ்ஞானம்?

நமது ஆட்சியாளரின் போக்கையும் நாம் மறக்கவில்லை. 2001 மேயில் மரபணு மாற்றிய உணவுக்குத் தடை என்றார்கள். வெளிநாட்டு வர்த்தக நெருக்குதல் வந்ததும் செப்டெம்பருக்குத் தள்ளினார்கள். பிறகு காலவரையின்றி ஒத்திவைத்தார்கள். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை என்றார்கள். அவ்வாண்டு முடியுமுன்னரே பின்வாங்கினார்கள். இரண்டு முறையும் வயலில் நிற்பவனை யாராவது கேட்டார்களா? மூன்றாம் முறையும் கேட்காமலே முடிவெடுக்க நாம் விடலாமா?

வரலாறு நமக்குத் தந்த பாடம் கொஞ்சமா? 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. இருபதாண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. முதலாளி தேயிலைக்கு மாறினான். கோப்பிக்கென்று கடல் கடந்து வந்த நம் முன்னோரின் பசிக்கு யார் பதில் சொன்னார்? 1845இல் அயர்லாந்தில் இதே இலைக்கருகல் புகுந்தது; பத்து இலட்சம் பேர் மாண்டனர். மக்கள் மடிந்த அந்நாட்களிலும் அங்கிருந்து தானியம் கப்பலேறியது! இலையைக் கருக்கியது நோய். உயிரைக் குடித்தது நிலவுரிமையில்லாத வாழ்வு.

இந்தப் பாடம் பதுளைத் தோட்டங்களுக்கு மிக நெருக்கமானது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1975இல் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. தோட்டம் கைமாறிக்கொண்டே இருந்தது. தொழிலாளி கைக்கு மட்டும் காணி வரவில்லை. லயத்தின் பின்னே ஒரு துண்டு நிலத்தில் கிழங்கு நடுபவனுக்கு அந்தத் துண்டுக்கும் உறுதி இல்லை. மற்றவர் தோட்டத்தில் நாட்கூலிக்கு, முதுகில் மருந்துத் தாங்கி சுமந்து, முகத்தை மூடத் துணியுமின்றி நோய்க்கு மருந்தடிப்பவனும் அவனே. நோய் தாங்கும் கிழங்கு வந்தால் முதலில் மூச்சுவிடப் போகிறவன் அவன்தான். அதனால்தான் கதவை அடைக்க நாம் மறுக்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. நோயெதிர்க்கும் கிழங்கை விவசாயத் திணைக்களமே பொதுப்பணத்தில், ஊவாவின் பனியிலும் மண்ணிலும், மக்கள் பார்க்கச் சோதிக்கட்டும். முடிவுகள் நல்லவையாயினும் தீயவையாயினும் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரட்டும். விதையை எடுத்துவைக்கும் உரிமை கமக்காரனுக்கே என்று சட்டம் சொல்லட்டும். தோட்டத் தொழிலாளி பயிரிடும் துண்டுக்குக் காணி உறுதி கிடைக்கட்டும்.

ஆசிரியர்களே, வைத்தியர்களே, வழக்கறிஞர்களே! இது விஞ்ஞானிகளின் விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். காப்புரிமைப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்; படித்து, வெலிமடைக் கமக்காரனுக்கும் அப்புத்தளைத் தொழிலாளிக்கும் அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். நல்ல விதையை நாம் வரவேற்போம். விதைக்குப் பின்னால் வரும் எசமானை வாசலிலேயே நிறுத்துவோம்.