வேகம் மட்டுமே அளவுகோலா?

ஒற்றைப் பலகைக் கணினிகளுள் வேகமும் நினைவகமும் மிகுந்ததே எந்தத் திட்டத்துக்கும் சிறந்தது என்பது பரவலான வாதம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுத் தக்காளி வயலில் மண் ஈரம் அளக்கும் கருவி அமைப்பதாகக் கொண்டால் இவ்வாதம் நிலைக்காது.

1. ஈர உணரிகள் பல தருவது அனலாக் சமிக்ஞை, அதாவது தொடர்ச்சியாக ஏறியிறங்கும் மின்னழுத்தம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ராஸ்பெர்ரி பை 5 கணினியின் 40 முனைகளில் ஒன்றுகூட அதை நேரடியாகப் படிக்காது, ஆனால் 2013-இல் வந்த, 1 கிகாஹெர்ட்ஸே உடைய பீகிள்போன் பிளாக்கில் அதற்கென 7 உள்ளீடுகள் உள்ளன.

2. பை 5-க்குப் பரிந்துரைக்கப்படும் அடாப்டர் 5 வோல்ட், 5 ஆம்பியர். கரன்ட் எட்டாத வரப்பில் அதற்கு வழி என்ன?

3. மின்சாரம் திடீரென நின்றால் பை 5-இன் எஸ்டி கார்டில் உள்ள இயங்குதளம் பழுதடையக்கூடும். இயங்குதளமே இல்லாத 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ஊனோ, கணினியன்று நுண்கட்டுப்பாட்டுப் பலகையே எனினும், மின்சாரம் திரும்பியதும் வேலையைத் தொடங்கிவிடும்.

இலைநோயைப் படத்தில் கண்டறிய வேகம் வேண்டும். ஈரம் பார்க்க எதற்கு?